பட்டாணிக்கு ஒரு பிரதி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையை எல்லோருக்கும் தெரியும்படி வெளியே நீட்டிச் செய்யும் சத்தியம் இது. நாயின் உயரத்தில் மட்டும் அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கலாம். அளவெடுக்க நிற்கிற நாய் இல்லை அது.

மாலைப் பத்திரிகை ஒன்றில் அச்சு இயந்திரம் ஓட்டியவரை எல்லோரும் மைக்காரர் என்றார்கள். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலம். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மை போகாது. அவர் தொட்ட தம்ளர், தொட்ட கதவு, தொட்ட தலையணை உறை எல்லாவற்றிலும் அவருடைய பெருவிரல் ரேகை இருந்தது. அந்த வீட்டில் திருட்டு நடந்தால் போலீஸ் நேராக அவரைத்தான் பிடிக்கும் என்பாள் மனைவி.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை. அங்கே ஒரு நாள் அவருடைய அக்கா வந்து சேர்ந்தாள். அத்தான் ஒரு பிற்பகல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அன்றோடு அக்கா வாயை மூடிக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை, ஒரு சொல் பேசவில்லை. கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டியும், அத்தான் வளர்த்த பட்டாணி என்ற நாயும். அந்த நாய்க்கு ஒரு ரொட்டி அளவு உடம்பு. கால்கள் பிற்பாடு யோசித்துச் சேர்த்ததுபோல் குட்டையாக இருக்கும். பிடிவாதம் மட்டும் ஓர் எருமைக்கு உரியது.

அக்கா பேசியது அந்த நாயிடம் மட்டும்தான்.

“பட்டாணி, ஜன்னலைச் சாத்தினா தேவலை, இல்ல?” என்பாள். மைக்காரர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார்.

“பட்டாணி, இந்த வீட்ல காபிக்குச் சக்கரை போட்டா குத்தமா?” என்பாள். மனைவி ஒரு கரண்டி சக்கரையோடு வருவாள்.

மைக்காரருக்கு அது முள்ளாகத் தைத்தது. தாய் இல்லாத வீட்டில் அவருக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிட்டது, சிலேட்டு துடைத்துக் கொடுத்தது எல்லாம் இந்த அக்காதான். ஒரு நாளைக்கு நூறு தரம் “தம்பி” என்று கூப்பிட்ட வாய். இப்போது அவரைப் பற்றிய புகாரைக்கூட நாய் வழியாகத்தான் அனுப்பியது. நாயும் இல்லாமல் போனால் அந்த வாய் ஒரேயடியாக மூடிவிடும் என்பது அவருக்குத் தெரிந்தது. அதனால்தான் பட்டாணியின் அந்த ஒரு குறை அவரைத் தூங்கவிடவில்லை.

பட்டாணி வெளியே போகாது. தெருவுக்குக் கூட்டிப்போனால் ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் நின்று விசாரிக்கும்; மூக்கால் கேட்டு, தலையை ஆட்டி, அடுத்த கம்பத்துக்குப் போகும். ஒன்றரை மணி நேரம் கழித்து மூன்று மாடி ஏறி வந்து, வீட்டு மிதியடியின் நடுவில் நின்று நிம்மதியாகக் காரியத்தை முடிக்கும்.

“நான் நாயை ஒண்ணும் சொல்லலைங்க. மிதியடியைத்தான் பாவம்னு சொல்றேன்” என்றாள் மனைவி.

மிதியடியை எடுத்தார்கள். தரையில் போனது. கீழ்வீட்டில் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். தன் வீட்டுக் கூரையில் ஈரக்கறை படர்வதை வாரம் ஒருமுறை அளந்து, வரைபடமாக வரைந்து, எல்லைக்கோடெல்லாம் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்தார். வீட்டுக்காரர் படத்தோடு மாடி ஏறினார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள பழக்குங்க. இல்லைன்னா அத வேற எங்கயாவது விட்டுடுங்க.”

அக்கா நாயை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

குளியலறை மூலையில் செய்தித்தாள் விரிப்பது எல்லோரும் செய்கிற வேலை. மைக்காரரும் பரணிலிருந்து பழைய தாள்களை இறக்கி விரித்தார். பட்டாணி வந்தது, மோந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெள்ளி முழுக்கவும் சனி மதியம் வரையும் அதே கதை. சனிக்கிழமை மூன்றரை மணிக்கு வேலை முடிந்து வந்தவர் கையில், அன்றைய ஓட்டத்தின் முதல் தாள்கள் இருந்தன. இயந்திரம் கிளம்பும்போது மை ஏறியும் இறங்கியும் வரும் கழிவுத் தாள்கள் அவை; கடைக்குப் போகாது. வேறு தாள் கைக்கு எட்டவில்லை என்று அதை விரித்தார். சூடு ஆறாத தாள், ஈரம் காயாத மை. பட்டாணி நடந்து வந்து, மூன்று சுற்றுச் சுற்றி, உலகத்தில் ஒரு கவலையும் இல்லாததுபோல் காரியத்தை முடித்துவிட்டுப் போனது.

அன்றிலிருந்து தரையில் ஒரு சொட்டு இல்லை. நாள்தோறும் நாலு மணிக்குப் பட்டாணி குளியலறை வாசலில் வந்து உட்காரும். ஒரு நாளைக்கு ஒரு பதிப்பு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. அது எப்படிப் போதும் என்று கேட்கிறவர்கள் நாயைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அன்றைய தாளாக இருக்க வேண்டும். முந்தின நாள் தாளை இஸ்திரி போட்டுச் சூடாக்கி விரித்துப் பார்த்தார், ஏமாறவில்லை. பழைய தாளில் புது மையைப் பூசிப் பார்த்தார். மேல்மூலையை மோந்துவிட்டு எழுந்து போய்விட்டது. நாய்க்குப் படிக்கத் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. தேதி பார்க்கத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்திலும் கண்டிப்பு. சினிமாப் பக்கத்தை மிதிக்காது, விளம்பரத்தைத் திரும்பிப் பார்க்காது. தலையங்கம் வருகிற நாலாம் பக்கம்தான் வேண்டும்.

ஆறு மாதம் வீடு காய்ந்து கிடந்தது. கீழ்வீட்டுக்காரர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார். அக்கா நாயிடம் பேசுவது கூடியது. ஒரு நாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது என்று மனைவி சொன்னாள்.

பிறகு அச்சகத்தில் அந்த விபத்து நடந்தது. தாள் மடிக்கும் இயந்திரத்துக்கு ஓர் இரும்பு மூடி உண்டு. பழுது பார்க்கக் கழற்றி நாலு மாதம் ஆகியும் திரும்ப மாட்டவில்லை. மடிப்புக்காரரின் வலது கை உள்ளே போய், இரண்டு விரல் குறைந்து வெளியே வந்தது. ஓட்டத்தை நிறுத்தும் நெம்புகோலை இழுத்தவர் மைக்காரர்தான். மூடி மாட்டுகிறவரை ஒரு சக்கரம் சுற்றாது, ஓர் எழுத்துக் கோக்கப்படாது என்று எல்லோரும் வெளியே வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். அந்த முடிவில் முதல் கையெழுத்தும் மைக்காரருடையதுதான்.

முதல் நாள் நாலு மணிக்குப் பட்டாணி குளியலறை வாசலில் உட்கார்ந்தது. ஐந்து மணிக்கும் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வயிறு மத்தளம்போல் இறுகி, நிற்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் நடுவில் ஒரு நிலையில் இருந்தது. தெருவுக்குத் தூக்கிப் போனார்கள். மனைவி மிதியடியைக்கூடத் திரும்பக் கொண்டுவந்து போட்டாள். மிதியடியைப் பார்த்துப் பட்டாணி தலையைக் குனிந்துகொண்டது. பழைய தவறை ஞாபகப்படுத்தினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

கால்நடை மருத்துவர் வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“உள்ள எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதுவா அடக்கி வெச்சிருக்கு. இவ்ளோ நல்லாப் பழக்கின நாயை நான் பாத்ததில்லை.”

“குழாய் விட்டு எடுக்க முடியாதா டாக்டர்?” என்றார் மைக்காரர்.

“விடப் பாத்தேன். கடிச்சுத் துப்பிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா மனசத் தேத்திக்கங்க.”

மருத்துவர் போனார். அக்கா நாயிடம்கூடப் பேசவில்லை. வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதையும் மனைவி எழுந்துபோய், நாய்க்குக் கேட்கக் கூடாது என்று, இறுக்கி மூடினாள்.

“தம்பி.”

மைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு வந்த சொல். துருப்பிடித்த பூட்டுத் திறந்ததுபோல் இருந்தது குரல்.

“தம்பி, ஒரே ஒரு தாள் அடிச்சுக் கொண்டா.”

“அக்கா, நான் போய் மிஷினத் தொட்டா அந்த மனுஷன் விரலுக்கு என்னக்கா மதிப்பு?”

“தொடாதடா. அந்த மனுஷன்கிட்டயே போய்க் கேளு.”

வாசலில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைக்காரர் நின்றபடியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு இருந்த மடிப்புக்காரரை எல்லோரும் பார்த்தார்கள். அவர் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

“நாய்க்கு மடிச்சா குடுக்கணும்?” என்று கேட்டார்.

“இல்லப்பா. விரிச்சுத்தான்.”

“அப்ப மடிக்கிற மிஷின் பக்கம் யாரும் போக வேண்டாம். கையால இழுக்கற மிஷின்ல ஒரு தாள் எடுங்க. சக்கரம் சுத்தக் கூடாது. ஒண்ணுதான்.”

எழுத்துக் கோப்பவர் எழுந்தார். “என்னத்தக் கோக்கறது? மூணு நாளா செய்தியே இல்லையே.”

பத்திரிகையின் ஆசிரியர், வேலை இல்லாவிட்டாலும் தினமும் வந்து தன் அறையில் உட்கார்ந்திருப்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எந்தப் பக்கம் வேணுமாம்?”

“நாலாம் பக்கம் சார்” என்றார் மைக்காரர், தரையைப் பார்த்து. “தலையங்கம்.”

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு தடவையும் துடைத்தார். “முப்பது வருஷமா எழுதறேன். இது இல்லாம முடியாதுன்னு ஒரு உயிர் காத்துக்கிட்டிருக்குன்னு இன்னிக்குத்தான்யா கேள்விப்படறேன்” என்றவர், பேனாவை எடுத்து அந்த இரும்பு மூடியைப் பற்றி நாலு பத்தி எழுதினார். அவர் எழுதியதிலேயே நல்ல தலையங்கம் அதுதான் என்று எழுத்துக் கோத்தவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எடுத்தது ஒரே பிரதி. மேலே அன்றைய தேதி. மைக்காரர் அதை இரண்டு உள்ளங்கையிலும் விரித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, தெரு முழுக்கப் பின்பக்கமாகவே நடந்து வந்தார்.

அக்கா தாளை வாங்கினாள். முதலில் தான் ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு குளியலறை மூலையில் விரித்தாள். பட்டாணி தள்ளாடி வந்தது. தேதியை மோந்தது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. மனைவி எண்ணத் தொடங்கி முன்னூற்றுப் பன்னிரண்டு வரை வந்தபோதுதான் நின்றது. மூவரும் தலைகுனிந்து நின்றிருந்தார்கள். கீழ்வீட்டில் குடை விரிக்கும் சத்தம் கேட்டது.

பத்திரிகை முதலாளிக்கு ஒரு பழக்கம். முதல் பிரதியை அவர் படிக்காமல் எந்த இதழும் வெளியே போனதில்லை. தனக்குத் தெரியாமல் ஓர் இதழ் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு, விசாரித்துக்கொண்டு, தடியை ஊன்றி மூன்று மாடி ஏறி வந்தார்.

“என் பிரதி எங்கப்பா?”

மைக்காரர் குளியலறையைக் காட்டினார். முதலாளி மூக்கில் கைக்குட்டையை வைத்து, முட்டியில் கையூன்றிக் குனிந்து, தாள் கிடந்த இடத்திலேயே படித்தார்.

“மூணாவது பத்தி ஊறிப்போச்சே. தெரியலை.”

“அந்த மூடி நாலு மாசமா உங்க சாமான் அறையில கெடக்குதுன்னு போட்டிருக்கு” என்றாள் அக்கா. “பதினோரு தடவை எழுதிக் குடுத்தாங்களாம். அதுக்கப்புறம்தான் ரெண்டு விரல் போயிருக்கு. நானே படிச்சேன்.”

முதலாளி நிமிர வெகுநேரம் ஆனது. தடியை ஊன்றி இறங்கிப் போனார். மறுநாள் காலையில் சாமான் அறையிலிருந்து மூடியைத் தூக்கி வந்தவர்களுக்கு முன்னால் அவரே நடந்து வந்தார். பன்னிரண்டு மணிக்குச் சக்கரம் சுற்றியது. மூன்றரைக்கு மைக்காரர் கழிவுத் தாளோடு வீட்டுக்கு வந்தார்.

“தம்பி, ஜன்னலைச் சாத்து” என்றாள் அக்கா.

எட்டு மாதமாக நாய்க்குச் சொன்ன சொல்லுக்கே எழுந்து ஓடியவர், அன்று காது கேளாதவர்போல் உட்கார்ந்திருந்தார், அவள் இன்னொரு முறை சொல்லட்டும் என்று.

அந்த மாலைப் பத்திரிகையின் இதழ்களை ஆண்டுவாரியாகத் தைத்துப் பொது நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். தொடங்கிய நாளிலிருந்து மூடிய நாள்வரை அதில் விடுபட்டது இரண்டே நாள் இதழ்; மூன்றாம் நாளுக்கான ஒரே பிரதி, மூன்றாவது பத்தி ஊறிப்போனபடி, அதில் இருக்கிறது.