பாஞ்சாலை நீட்டிய கட்டம்

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு கையில் காபித் தட்டும் மறு கையில் காகிதமும் பென்சிலுமாக வந்து நிற்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். என் நாத்தனார் பாஞ்சாலை.

அப்போது எண்பத்தேழாம் வருஷம். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் அவளுக்கு வேலை. ரூம் சாவி கொடுப்பது, பில் போடுவது. அங்கே தங்கியிருந்த ஜப்பான்காரப் பெண்மணி சாயங்காலமானால் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தில் எண்களை நிரப்பிக்கொண்டிருப்பாளாம். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு ஜப்பான் பேச்சு தெரியாது. விரலால் காட்டிக் காட்டியே அவள் சொல்லித் தந்தாள், இவளும் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது சுடோகு என்று பேப்பரில் வருகிறதே, அதுதான். நானாக இருந்தால் தலைவலி மாத்திரை கேட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் ஆதிமூலத்துக்கும் அதைச் சொல்லித் தந்து பார்த்தாள். மனிதர் பென்சிலை வாங்கியதும் முதல் கட்டத்துக்குள்ளேயே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார். "அண்ணா, அங்க நம்பர் வரணும்ணா!" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் பெண் பார்க்க வந்த அன்று விஷயம் விளையாட்டு இல்லை. அதற்கு முந்தின வருஷம் வந்த மாப்பிள்ளை சர்க்கார் வேலை என்றான். எதைக் கேட்டாலும் தெரியும் என்றான். பாஞ்சாலைக்கும் பிடித்துப் போயிற்று. விசாரித்துப் பார்த்தால் வேலையே கிடையாது, அத்தனையும் பொய். அதற்கப்புறம் வந்தவர்களை எல்லாம் அவள் வேண்டாம் என்றாள். என் வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த வாட்டி நானே பேசி முடிச்சுடுவேன். உன்ன கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. "ஒரு ஆளு பொய் சொல்றவனான்னு எப்படி அண்ணி தெரிஞ்சுக்கறது?" என்று மட்டும் என்னைக் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எனக்குப் பதில் தெரியவில்லை.

வந்திருந்த மாப்பிள்ளை அருணகிரி. வேங்கிக்காலில் பம்புசெட் ரிப்பேர் செய்கிறவர். கூட அவருடைய அம்மாவும் தாய்மாமா சடையனும். பாஞ்சாலை காபியைக் கொடுத்துவிட்டு, கட்டம் போட்டு இங்கொன்றும் அங்கொன்றுமாக எண் எழுதியிருந்த காகிதத்தை மாப்பிள்ளை பக்கம் நீட்டினாள். என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது.

"இதுல ஒம்போது வரிசை இருக்குதுங்க" என்றாள். "ஒவ்வொரு வரிசையிலயும் ஒண்ணுலேருந்து ஒம்போது வரைக்கும் வரணும். வந்த நம்பர் திரும்ப வரக்கூடாது. மேலேருந்து கீழ பாத்தாலும் அப்படித்தான். தடிச்ச கோடு போட்ட ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் அப்படித்தான்."

"கூட்டிப் பாக்கணுங்களா?"

"கூட்டல் கழித்தல் ஒண்ணும் கெடையாதுங்க. எது வராதுன்னு பாத்துக்கினே வந்தா, எது வரும்னு தெரிஞ்சுடும். தோ, முதல் வரிசையில அஞ்சு இந்த மொதப் பெட்டியில இருக்குது. ரெண்டாவது வரிசையில நடுப் பெட்டியில இருக்குது. அப்ப மூணாவது வரிசைக்கு அஞ்சு எங்க வரும்?"

அருணகிரி குனிந்து பார்த்தார். "கடைசிப் பெட்டியில. அங்கயும் அந்த வரிசையில ஒரு எடம்தான் காலியா இருக்குது." எழுதிவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பை அடக்க நான் படாத பாடு பட்டேன்.

அப்புறம் காபி ஆறியதும் அவருக்குத் தெரியவில்லை, பஜ்ஜி வந்ததும் தெரியவில்லை. ஒவ்வொரு எண்ணாகப் போட்டுக்கொண்டே போனவர், பாதிக்கு மேல் வந்ததும் நின்றுவிட்டார். சடையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏதோ ஒண்ணு போடுடா. பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கறாங்க, மானம் போவுது."

"ரெண்டா ஏழான்னு தெரியல மாமா."

"ரெண்டு போட்டுட்டுப் போயேன். யாரு சோதிக்கப் போறாங்க?"

"தெரியாம ஒண்ணு போட்டா, அதுக்கப்புறம் போடறதெல்லாம் தப்பாப் பூடும் மாமா." அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பாஞ்சாலையைப் பார்த்தார். "எனக்கு இதுக்கு மேல தெரியலீங்க."

பெண் பார்க்க வந்த வீட்டில், அத்தனை பேர் எதிரில், ஒரு ஆண்பிள்ளை தெரியலீங்க என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. என் மனசு குளிர்ந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகவே இவருக்குப் பெண்ணைக் கொடுக்கலாம் என்று தோன்றியது. பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தேன். முன்பு அழாதவளுக்கு அப்போது கண் கலங்கியிருந்தது.

சடையன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "அப்ப நாங்க கெளம்பறோம்" என்றார். காரியம் கெட்டுப்போனது என்று அவர் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது.

அருணகிரி காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இத எடுத்துட்டுப் போவட்டுங்களா? முடிச்சுக் கொண்டாரேன்" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பாஞ்சாலை முந்திக்கொண்டாள்.

"முடிக்கலன்னாலும் வாங்க."