மேட்டு வீடு

சவப்பெட்டியைத் தூக்கியவர்களின் கால்கள் சேற்றில் புதைந்தன. தலைமாட்டைப் பிடித்திருந்த சர்வேயர் தடுமாறி நிமிர்ந்தார். பெட்டிக்குள் அவருடைய ஒரே தங்கை. முந்தாநாள் மதியம் கால்வாய் உடைந்து வெள்ளம் வந்தபோது, கீழ்த்தெருவில் தைத்துப் பிழைத்த அந்த ஒற்றை அறையிலேயே மூழ்கிப் போனவள்.

வண்டி வரும்வரை பெட்டியைத் தெருமுனையில் ஒரு பெஞ்சின்மேல் வைத்தார்கள். பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரி மூக்கைச் சிந்தினாள்.

"தண்ணி முழங்கால் வந்தப்பவே சொன்னேண்ணே. மேட்டுல உங்கண்ணன் வீடு இருக்குல்ல, போயிடுடின்னு. சிரிக்கிறா! 'அங்க தண்ணி வராதுக்கா, வசனம்தான் வரும்'னா. எனக்கு ஒண்ணும் புரியல."

சர்வேயருக்குப் புரிந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் ஒரு வெள்ளம் வந்தது. புருஷனை விட்டுத் தனியே வந்து அவள் தையல் மெஷின் போட்ட புதிது. நனைந்த துணிப்பையோடு அவர் வாசலில் வந்து நின்றாள். உள்ளே கூப்பிட்டுத் துண்டு கொடுத்தார். அவள் தலை துவட்டி முடிப்பதற்குள் வேதாகமத்தை எடுத்து, கர்த்தர் செய்யாமல் ஊருக்குத் தீங்கு வருமா என்று ஆமோஸ் தீர்க்கதரிசி கேட்ட வசனத்தை வாசித்தார். சிவப்புப் பென்சிலால் அடிக்கோடும் போட்டார்.

"யாருக்குண்ணே சொல்றீங்க?"

"தண்ணி யார் வீட்டுக்குள்ள வந்துச்சு?"

அவள் துண்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, மழை விடும் முன்பே படியிறங்கிப் போனாள். அதன்பின் அந்தப் படி ஏறவில்லை. முந்தாநாள் மழை வலுத்தபோது அவர் போனைக் கையில் எடுத்தார். வரணும்னா அவளே வரட்டும் என்று கீழே வைத்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்தில் போதகர் அவர் தோளைத் தொட்டார். "நீங்களே ஒரு வசனம் வாசிச்சிடுங்கய்யா."

வேதாகமம் தானாகவே அந்தச் சிவப்புக் கோட்டில் திறந்துகொண்டது. எத்தனையோ முறை வாசித்த வசனம். அது யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று மட்டும் அவர் பார்த்ததில்லை. இரண்டு தாள் தள்ளினார். அங்கே கோடு எதுவும் இல்லை. மலையை நம்பி நிம்மதியாக இருப்பவர்களுக்கு, சொகுசுக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு சொந்த ஜனத்தின் ஆபத்துக்கு வருந்தாதவர்களுக்கு, ஐயோ என்றிருந்தது. அவருடைய வீடு கீழ்த்தெருவைவிடப் பதினான்கு அடி உயரம். தானே கருவி வைத்து அளந்து பார்த்த பிறகுதான் அந்த மனையை வாங்கியிருந்தார்.

அதையே வாசிக்கத் தொடங்கினார்.

"ஏங்க, சாவுல வாசிக்கிறதா இது?" மனைவி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

கையை விடுவித்துக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார். போதகர் கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்.

மண் போட்டு முடித்துத் திரும்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. மனைவி ஆட்டோவில் முன்னால் போய்விட்டாள். இஸ்திரிக்காரி தனியாக நடந்துகொண்டிருந்தாள். சர்வேயர் குடையை விரித்து, எட்டி நடந்து அவளைப் பிடித்தார்.

"உன் வீடும் போச்சேம்மா. எங்க மாடி சும்மாத்தான் கிடக்கு. வந்து இருந்துக்கோ."

அவள் நின்றாள். அவர் அக்குளில் இடுக்கியிருந்த வேதாகமத்தின் கறுப்பு அட்டையை ஒரு முறை பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டும்ணே. ஸ்கூல்ல இடம் குடுத்திருக்காங்க."

"குடையாவது எடுத்துட்டுப் போம்மா."

"நனைஞ்சாச்சுண்ணே. இனிமே என்ன."

அவள் சரிவில் இறங்கிப் போனாள். சர்வேயர் நடுத்தெருவில் குடையைப் பிடித்தபடியே நின்றார். மேட்டிலிருந்து இறங்கிய மழைத்தண்ணீர் அவருடைய செருப்புகளைச் சுற்றிக்கொண்டு, கீழ்த்தெருவை நோக்கி ஓடியது.