நத்தை போட மறந்த பக்கம்

அந்தப் பக்கம் நெருங்கும்போதெல்லாம் மர்ரே ட்ரெகென்சாவுக்கு ஒன்றுக்கு வந்துவிடும். போர்ட் அடிலெய்டில் தன் மாமாவின் மீன் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையை ஸோயி கராஸ் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தாள். சுவருக்கு எவ்வளவு பஞ்சு அடைத்தும் வறுத்த மீன் வாசனை மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த வாசனையின் நடுவே மர்ரேயின் நாற்பது வருட இசைப்பதிவுகளை ஆறு சிடிக்களாகத் தொகுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 'உப்பு ஏரி' ஓடியது, தனிப் பியானோ. கடைசிப் பக்கத்துக்கு முந்தைய திருப்பம் வந்ததும் மர்ரே எழுந்து, மஃப்ளரை ஒருமுறை சரிசெய்துகொண்டு வெளியே போனார். பிப்ரவரி மாதம், ஆஸ்திரேலியக் கோடை, வெளியே தார் உருகுகிற வெயில். ஆனாலும் அவர் அந்தக் கறுப்பு மஃப்ளர் இல்லாமல் பொதுவில் தென்பட்டதே இல்லை.

"பாத்தியா, போயிட்டார்" என்றார் கிறிஸ்பின் ஓட்வே, கோவிலுக்குள் பேசுகிற குரலில். பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்ச்சித் துறையில் இருப்பவர் அவர். தொகுப்போடு வரும் சிறு புத்தகத்துக்கு நீண்ட கட்டுரை எழுதுகிறவரும் அவரே. "முப்பது வருஷமா இதே இடத்துலதான் எழுந்து போறார். அவரால அதைத் தாங்க முடியல."

"வயசாச்சு, கிறிஸ்பின். ப்ராஸ்டேட்டா இருக்கும்" என்றாள் ஸோயி.

கழிப்பறைக்குள் மர்ரே கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். மேல் சுரங்களைச் சுவர் பிடித்துவைத்துக்கொள்ளும். கீழ்ச் சுரங்கள் அதற்கு அடங்குவதில்லை. குழாய் வழியாக, தரை வழியாக, அந்த இடது கை அவரைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. இருட்டில் யாரோ மேசை நாற்காலிகளை மெல்ல நகர்த்துவது போன்ற அந்த நாதத்துக்குத்தான் விமர்சகர்கள் ஆழம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கிறிஸ்பின் முழுத் தொகுப்புக்குமே 'ஆழத்தின் வரைபடம்' என்று பெயர் வைத்துவிட்டார். தண்ணீர் விடத் தேவையில்லாமலே மர்ரே தண்ணீரை இழுத்துவிட்டுத் திரும்பினார்.

கட்டுரையின் நகல் மேசைமேல் கிடந்தது. கடலில் மறைந்த தந்தையின் துயரமே அந்த இடது கையாக இறங்கியது என்று அதில் இருந்தது. மர்ரேயின் அப்பா மூண்டா என்ற சிறு ஊரில் ஆணி, பெயின்ட், தோட்டக் குழாய் விற்றவர். தொண்ணூறைத் தொட்டு, தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே தூங்கி, தூக்கத்திலேயே போனார். எப்போதோ ஒரு பேட்டியில் மர்ரே, "அப்பா கடலுக்குப் போயிடுவார்" என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போவதைத்தான் அப்படிச் சொன்னார். கேட்டவரின் முகத்தில் துக்கம் படர்ந்ததைப் பார்த்தவர், ஏனோ திருத்தவில்லை. திருத்தாமல் விடுவதில் அதற்குள் அவருக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

"தலைவரே, கடைசி சிடியில பத்து நிமிஷம் காலியா இருக்கு" என்றாள் ஸோயி. "வியாழக்கிழமை டனண்டா போறோம். லோர்னா வீட்டுலயே, அவங்க பியானோ பக்கத்துல உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு ஒரு பேச்சு. அந்தக் கடைசிப் பக்கம் எப்படி வந்துச்சுன்னு கிறிஸ்பின் கேப்பார். எழுதினவரும் வாசிச்சவங்களும் ஒண்ணா இருந்து இதுவரைக்கும் யாருமே பதிவு பண்ணலை."

யாரும் பதிவு செய்யாமல் பார்த்துக்கொண்டவர் மர்ரேதான். லோர்னா ஹாபல் 'உப்பு ஏரி' பதிவில் பியானோ வாசித்தவள். அவளை அவர் நேரில் பார்த்தே இருபது வருடத்துக்கு மேலாகிறது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போகும், வரும்; அட்டையில் படம் இருப்பதால் எழுத அதிகம் இடம் இருக்காது.

நடந்தது மிகச் சிறிய விஷயம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்பு அவருக்கு மஃப்ளர் இல்லை. அரைக்கால் சட்டையும் முழங்கால்வரை இழுத்துவிட்ட வெள்ளைக் காலுறையுமாகப் பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுக்களுக்கு உற்சாகமான அணிவகுப்பு இசை எழுதிக்கொண்டிருந்தார். வானொலிக்காரர்கள் பியானோவுக்கு ஒன்று கேட்டார்கள், அதுதான் 'உப்பு ஏரி'. கெடு நெருங்கியதால் எழுத எழுதப் பக்கம் பக்கமாக லோர்னாவுக்கு பஸ்ஸில் அனுப்பினார். கடைசிப் பக்கத்தில் இரண்டு கைகளும் மேலே ஏறி, ஏரிமேல் வெயில் மினுங்குவது போல முடியவேண்டும். இடது கையை மேலே ஏற்றவேண்டுமென்றால் இசைக்குறிப்புத் தாளில் வரியின் தலையில் ஒரு சுருண்ட அடையாளத்தைப் போடவேண்டும். குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்த லோர்னா அதை நத்தை என்பாள். கீழ் ஸ்தாயிக்குப் போடும் அடையாளம் பார்க்கக் காது மடல் மாதிரி இருக்கும், ஆகவே அது காது. நத்தை இருந்தால் மேலே, காது இருந்தால் கீழே. புள்ளிகள் அதேதான், ஆனால் ஒவ்வொன்றும் வேறு சுரமாகிவிடும், அதுவும் ஏறக்குறைய இரண்டு ஸ்தாயி தள்ளி. மர்ரே நத்தை போட மறந்துவிட்டார், இடது கை பழைய காதிலேயே நின்றுவிட்டது.

பதிவு நடந்த அன்று டனண்டா தேவாலயக் கூடத்துக்கு அவர் தாமதமாகப் போனார். உள்ளே நுழையும்போது ஒலிபெருக்கியில் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. வலது கை மேலே மினுங்க, இடது கை காது சொன்னபடி கீழேயே கிடந்து உறுமியது. அவர் எழுதியதல்ல அது. அவர் எழுதிய எதையும்விட நன்றாக இருந்தது. ஒலிப்பதிவாளர் மெதுவாகத் திரும்பி, "எங்க இருந்துய்யா பிடிச்ச இதை?" என்றார். மர்ரே வாயைத் திறந்தார். "கீழே இருந்து" என்று வந்தது.

அப்புறம் எல்லாம் அந்தக் கீழே இருந்துதான் வந்தது. அச்சுப் பிரதியில் அவரே காது மடலைத் தெளிவாகப் போட்டார். பிறகு எழுதிய ஒவ்வொன்றையும் முதலில் தனக்குத் தோன்றிய உற்சாகமான விதத்தில் எழுதிவிட்டு, இடது கையின் நத்தையைப் பிடுங்கிவிடுவார். அந்த வித்தைக்குக் கிறிஸ்பின் 'அகழ்வு முறை' என்று பெயரிட்டு, அதன்மேல் நான்கு மாணவர்கள் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

வியாழக்கிழமை மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே மர்ரே டனண்டா போய்ச் சேர்ந்தார். கேட்டால், வழியில் போக்குவரத்து நெரிசல் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். லோர்னா கதவைத் திறந்தாள். குள்ளமாகிவிட்டிருந்தாள், ஆனால் அந்தக் கைகள் அப்படியே பெரிதாக இருந்தன. காலடியில் ஒரு தடித்த நாய்.

"என்ன மர்ரே, சளி பிடிச்சிருக்கா?" என்றாள் மஃப்ளரைப் பார்த்து.

சமையலறையில் அவருக்கு மெட்வர்ஸ்ட் என்கிற ஜெர்மன் சாஸேஜை நறுக்கி, ஊறுகாய் வெள்ளரிக்காயோடு வைத்தாள். மேலே சர்க்கரைப் பொடி உதிர்த்த கேக் துணிக்கடியில் காத்திருந்தது. அவர் வானிலை பேசினார், திராட்சை அறுவடை பேசினார். அவள் கண்ணெடுக்காமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அப்படிப் பாக்குற?"

"காது போச்சுப்பா. கீழ்ப் பாதி மட்டும்தான் பாக்கி. ஆம்பளைக் குரலோட முழக்கம், லாரி, இடி, இதெல்லாம் கேக்குது; வார்த்தை மட்டும் உதட்டைப் பாத்தாத்தான் தெரியும். பியானோவுல நடுவுக்கு மேல போனா கட்டையைத் தட்டுற சத்தம்தான். உன் வலது கையைக் கேட்டு ஆறு வருஷமாச்சு. சொல்லு, எதுக்கு முன்னாடியே வந்த?"

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொன்னது அவளுக்குத் தெரியாததால் நிமிர்ந்து, அவள் கண்ணைப் பார்த்து மறுபடி சொல்லவேண்டியிருந்தது. அதுதான் கொடுமையாக இருந்தது.

"அந்தக் கடைசிப் பக்கத்துல நத்தை போட மறந்துட்டேன், லோர்னா."

"தெரியுமே" என்றாள். "பாத்த அன்னைக்கே தெரியும். நத்தையைப் போட்டும் வாசிச்சுப் பாத்தேன். பாட்டுப் போட்டுக்கிட்டு ஐஸ்கிரீம் வண்டி தெருவுல வர்ற மாதிரி இருந்துச்சு. சரி, எழுதினவன் போடலை, நான் ஏன் போடணும்னு கீழேயே விட்டுட்டேன்."

"ஏன் சொல்லலை?"

"நீதான் வந்து ஏதோ கிணத்துக்குள்ள இருந்து ஏறி வந்தவன் மாதிரி கீழே இருந்துன்னு சொல்லிட்டியே. சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு ஒரு வருஷம் பாத்தேன். அப்புறம் நாய் வாங்கிட்டேன்." அவள் குனிந்து நாயின் தலையைத் தட்டினாள். "இது மூணாவது."

மர்ரேக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. ஆறு சிடிக்களில் முதல் ஒன்றரை சிடியை மட்டும்தான் தான் எழுதியிருக்கிறோம் என்ற கணக்கு மனதில் ஓடியது. கிறிஸ்பின் அந்த ஒன்றரைக்கு 'முன்வரலாறு' என்று தலைப்பிட்டு அரைப் பக்கத்தில் தாண்டிப் போயிருந்தார்.

"அவங்க கேட்டா என்ன சொல்லுவ?" என்றார்.

"என்கிட்ட கேட்டா இருக்கறதைச் சொல்லுவேன். உன்கிட்ட கேட்டா கேக் சாப்பிடுவேன்." வாசலில் கார் சத்தம், நாய் குரைத்ததைப் பார்த்து அவள் எழுந்தாள். "அது உன் பாடு."

ஸோயி மைக்குகளை நிறுத்தினாள். ஒன்று பியானோவின் அருகில், மற்றொன்று சோபாவுக்கு முன்னால். சிறிய பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மர்ரே பியானோ ஸ்டூலிலும், கிறிஸ்பின் எதிரிலும் உட்கார்ந்தார்கள். சோபாவின் ஓரத்தில் லோர்னா, மடியில் கேக் தட்டோடு. கிறிஸ்பின் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனிதன், மண், மௌனம் என்று கொஞ்சதூரம் போய்விட்டுத் திரும்பிவந்து கேட்டார்.

"அந்தப் பக்கம், மர்ரே. அது எங்கேருந்து வந்தது?"

பழகிய பதில் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. லோர்னா கேக்கில் ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டு, அவருடைய உதடுகளைப் பார்த்தபடி மென்றாள்.

"நத்தையை மறந்துட்டேன்" என்றார் மர்ரே.

கிறிஸ்பின் கண்ணை மூடினார். "நத்தை" என்றார் மெதுவாக. "தன் வீட்டைத் தானே சுமக்குற உயிர். வீட்டை மறக்கறது, அப்பாவோட கரையை மறக்கறது. அப்பப்பா. இதை நீங்க எங்கயுமே சொன்னதில்லை. ஸோயி, இது பதிவாச்சு இல்ல?"

"ஆச்சு" என்றாள் ஸோயி. அவள் கிறிஸ்பினைப் பார்க்கவில்லை. மர்ரேயின் காது மடல்கள் சிவந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் மர்ரே அந்தச் சொல்லைப் பொறுக்கியிருந்தார். இன்னொரு சொல்லும் இருக்கிறது. இசைப் பாடப் புத்தகத்தில் அந்த அடையாளத்துக்கு இருக்கும் பெயர், கிறிஸ்பின் கேட்ட மாத்திரத்தில் முகம் வெளுத்துப்போகிற சொல். அதை விட்டுவிட்டு, அறையில் ஒருத்திக்கு மட்டும் புரிகிறதைச் சொல்லி, சொன்னேன் என்று வைத்துக்கொள்ளப் பார்த்தார். அந்த ஒருத்தி மெல்லுவதை நிறுத்தவில்லை. ஆனால் அவருடைய உதட்டிலிருந்து பார்வையை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இனி அவர் என்ன சொன்னாலும் அவளுக்குத் தெரியாது.

மர்ரே மஃப்ளரைக் கழற்றிப் பியானோ மேல் வைத்தார். கழுத்து வேர்வையில் நசநசத்தது.

"இல்ல கிறிஸ்பின், அது இப்படி வந்துச்சு" என்று திரும்பி உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தை வாசிக்கத் தொடங்கினார். இரண்டு கைகளும் மேலே. முப்பத்தைந்து வருடமாக யாரும் கேட்டிராத பக்கம். முதல் வரியிலேயே லோர்னா சொன்னது சரி என்று தெரிந்துவிட்டது. தெரு முனையில் ஐஸ்கிரீம் வண்டி வந்து நின்றது. துள்ளியது, கைதட்டச் சொன்னது, பள்ளிக்கூட பேண்டில் மூன்றாவது வரிசைப் பையனைப் போலத் தலையை ஆட்டியது. கிறிஸ்பின் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு புன்னகை அப்படியே இருக்க, கண்கள் மட்டும் வலது கையிலிருந்து இடது கைக்குப் போயின. அங்கிருந்து கீழ்க்கட்டைகளின் காலி இடத்துக்குப் போய், திரும்பி வந்தன. அவருடைய உதடுகள் எதையோ எண்ணத் தொடங்கின. ஸோயி ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். மறு கை பதிவுப் பெட்டியின் பக்கத்தில் இருந்தது, விளக்கை அணைக்கவில்லை.

மர்ரே நிறுத்தவில்லை. மோசமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுரமும் அவர் வைத்த இடத்தில் இருந்தது. இம்முறை அவருக்கு எழுந்து போகவேண்டும் என்று தோன்றவில்லை.

பக்கத்தில் ஒரு நிழல் விழுந்தது. லோர்னா எழுந்து வந்து பியானோவின் இடது ஓரத்தில் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டது கட்டைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும்தான். தலையைச் சாய்த்து, அவருடைய விரல்கள் எங்கெங்கே விழுகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள், தெரிந்த முகவரியில் வீட்டைத் தேடுகிறவள் மாதிரி. பிறகு இடது கையில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பொடியை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, அந்தப் பெரிய கையைக் கீழ்க்கட்டைகளுக்கு மேலே கொண்டுவந்து விரித்தாள். இன்னும் அழுத்தவில்லை. அடுத்த வரி தொடங்குவதற்காக அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.