மங்கையர்க்கரசியின் டிக்கெட்

பையை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மங்கையர்க்கரசி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது நூர்முகம்மது வாசலில் வந்து நின்றார். பைக்குள் கப்பலுக்கு வேண்டிய துணிமணி, வாந்திக்கு மாத்திரை, போர்ட் பிளேரில் டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கும் தம்பி ஸ்ரீநிவாஸுக்குச் சூரைக் கருவாடு, எல்லாவற்றுக்கும் மேலே கசங்காமல் மடித்து வைத்த மஞ்சள் சுடிதார். ஊர் புட்பால் டீம் கலத்தியா லெவனின் நிறம் மஞ்சள். நூர்முகம்மதுவுக்கு இங்கே கேம்பல் பே பஜாரில் ஹார்டுவேர் கடை. கலத்தியா லெவனுக்கு மேனேஜரும் அவர்தான். எப்போதும் ரோட்டில் பைக்கை நிறுத்தி, இறங்காமலே சத்தம் போட்டுச் சேதி சொல்லிவிட்டுப் போகிற மனிதர் இன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி நின்றதைப் பார்த்ததுமே, ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

"ஒரு கடபட் ஆயிருச்சுக்கா," என்றார்.

டீமுக்கு டிக்கெட் போடக் கொடுத்த பெயர்களில் யோகராஜின் பெயர் எப்படியோ விட்டுப்போயிருக்கிறது. கப்பலில் வேறு இடம் இல்லை. கப்பலோ நாளைக் காலையில் கிளம்புகிறது. அடுத்த கப்பலில் போனால் போர்ட் பிளேரில் மேட்ச் முடிந்திருக்கும். விஜய் நகர் பையன் யோகராஜ் இல்லாமல் கலத்தியாவின் பின்வரிசை தாழ்ப்பாள் இல்லாத கதவு என்பது அவளுக்கும் தெரியும். யாராவது ஒருவர் தன் டிக்கெட்டை ரத்து செய்தால் அந்த இடத்தை அவனுக்கு வாங்கிவிடலாம். சப்போர்ட்டர்ஸ் கமிட்டியில் எல்லாரையும் கேட்டாயிற்று. ஒருவருக்கு அங்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒருவருக்குக் கொழுந்தியாள் வீட்டு விசேஷம். அஸ்லம் போனையே எடுக்கவில்லை.

"நீங்கதான்க்கா உண்மையான சப்போர்ட்டர். உங்கள மாதிரி ஆளுகிட்டதான் இதக் கேக்க முடியும்."

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. உண்மையான சப்போர்ட்டர் வீட்டில் இருக்க வேண்டும், மற்றவர்களெல்லாம் கப்பலேற வேண்டும் என்றால் இது எந்த ஊர் நியாயம்? பதினைந்து வருஷமாகப் பி.டபிள்யூ.டி. ஆபீசிலிருந்து நேராக மைதானத்துக்குப் போகிறவள் அவள். கார்னர் கொடிக்குப் பக்கத்தில் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்; மழை பெய்தால் குடையோடு நிற்பாள். முதலில் சிரித்தார்கள். 'மிலிட்டரிக்காரர் மகள் அப்படித்தான்' என்றார்கள். பிறகு, அவள் நிற்கிற இடத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்கிற அளவுக்கு அது பழகிவிட்டது. ஆனால் இத்தனை வருஷத்தில் இந்த ஊரைத் தாண்டிக் கலத்தியா ஆடி அவள் பார்த்ததில்லை. தீவுக் கோப்பைக்கு இவர்களைச் சேர்த்துக்கொண்டதே இந்த வருஷம்தான். புட்பால் பார்க்க லீவு என்று எழுதினால் ஆபீசில் ஷீலா மேடம் கையெழுத்துப் போடமாட்டார் என்று, தம்பி வீட்டுக் காதுகுத்து என்று பொய் எழுதி வாங்கியிருந்தாள்.

கொடுக்கமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். யோகராஜ் இல்லாமல் பதினோரு பேர் நிற்பதை நினைத்துப் பார்த்தாள். கார் நிகோபார் தீவு டீமோடு மேட்ச். பிள்ளைகள் நடக்கத் தொடங்குமுன் பந்தை உதைக்கிற ஊர் அது.

"குடுக்கிறேன் பாய். ஆனா அந்த வார்த்தைய இன்னொருக்கா எங்கிட்ட சொல்லாதீங்க."

அவர் போன பிறகு கணவர் அழகேசன் கொல்லையிலிருந்து வந்தார். "நல்ல காரியம்தான் பண்ணுன," என்றார். அதற்கும் அவளுக்குக் கோபம் வந்தது. மறுநாள் கப்பல் கிளம்புகிற நேரத்துக்கு ஜெட்டிப் பக்கமே போகவில்லை. லீவை ரத்து செய்யவும் இல்லை. காதுகுத்து நின்றுபோயிற்று என்று எப்படிப் போய்ச் சொல்வது? வீட்டிலேயே கிடந்தாள். பிரித்த பையிலிருந்து கருவாட்டு வாடை இரண்டு நாளும் வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

மேட்ச் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முந்தின நாள் கமிட்டிக்காரர்கள் வாட்ஸப்பில் படம் படமாகப் போட்டிருந்தார்கள். மஞ்சள் ஜெர்சியில் அபர்டீன் பஜாரில், மஞ்சள் ஜெர்சியில் கடற்கரையில், மஞ்சள் ஜெர்சியில் பிரியாணித் தட்டுக்கு முன்னால். மேட்ச் தொடங்குகிற நேரத்தில் மட்டும் ஒருவரும் ஒன்றும் போடவில்லை. நூர்முகம்மது டீமோடு மைதானத்துக்குள்ளே இருப்பார், போன் எடுக்கமாட்டார். அவள் அஸ்லமைக் கூப்பிட்டாள். பின்னால் ஆட்டோ ஹாரன் கேட்டது.

"ஜங்லிகாட்ல இருக்கோம்க்கா. ஒரு வாஷிங் மெஷின் பாத்துட்டு இருக்கோம், இங்க ரேட்டு கம்மி. செகண்ட் ஹாஃபுக்குப் போயிருவோம்."

"எல்லாருமா?"

"தூக்க ஆள் வேணும்ல."

போனை வைத்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். ஸ்ரீநிவாஸ் கண்ணாடி போட்டுக்கொண்டு அக்கவுண்ட்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவன். சின்ன வயதில்கூட ஒரு பந்தைத் தொட்டவனில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் பேசினான்.

"அக்கா, எனக்கு அதுல ஒண்ணுமே புரியாது. டிவியில வந்தாக்கூட மாத்திருவேன்."

"புரிய வேணாம். நீ பாக்கிறத சொன்னாப் போதும். ஸ்கூட்டர எடுத்துட்டுப் போ."

"மழ வர்ற மாதிரி இருக்குக்கா."

"ஸ்ரீநிவாசா."

அந்தக் குரலுக்கு அவன் சிறுவயதிலிருந்தே கட்டுப்பட்டவன். போனான். ஸ்டேடியத்துக்குள் நுழைந்ததும் வீடியோ போட்டுப் பார்த்தார்கள். பச்சையாக ஒரு துண்டு தெரிந்து அப்படியே உறைந்து நின்றது. வெறும் பேச்சுக்கு மாற்றிக்கொண்டார்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் அவளுக்குச் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே போய் நின்றுகொண்டாள்.

"பந்து யார்கிட்ட இருக்கு?"

"ஒருத்தன்கிட்ட."

"எந்த டீம்டா?"

"தெரியலக்கா, ரெண்டு பக்கமும் சேறா இருக்காங்க. இரு, மஞ்சள்னு நெனக்கிறேன். போயிருச்சு. இப்ப வேற ஒருத்தன்."

"நம்பர் பாத்துச் சொல்லு."

"முதுகு இந்தப் பக்கம் திரும்பினாத்தானே."

தொட்டியின் மூடியை அவள் உள்ளங்கையால் அடித்தாள். இந்தக் கண் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அங்கே ஒரு ஜோடிக் கண் இருக்கிறது, அதற்குப் பார்க்கத் தெரியவில்லை. இங்கே பார்க்கத் தெரிந்தவளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் பக்கத்து வீட்டுத் தென்னையும்தான் தெரிகின்றன. எவ்வளவு கோல் என்று கேட்டதற்கு, பலகையில் ஒன்றும் எழுதவில்லை என்றான். பக்கத்து ஆளிடம் கேள் என்றாள். கேட்டுவிட்டு வந்து, கார் நிகோபார் ஒன்று, கலத்தியா ஒன்றுமில்லை என்றான்.

"நம்ம ஆளுங்க ஒருத்தராவது இருக்காங்களா பாரு. மஞ்சள் ஜெர்சி."

"மேல கேலரில ஒருத்தரும் இல்லக்கா. எல்லாம் நிகோபார்க்காரங்க. ட்ரம் வச்சிருக்காங்க, குடும்பத்தோட வந்திருக்காங்க. நடுவுல நான்தான் உக்காந்திருக்கேன்."

பதினோரு பேர் இரண்டு நாள் கடலில் புரண்டு, வாந்தியெடுத்து, போய் இறங்கி ஆடுகிறார்கள். அவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தால் அவர்களுக்கென்று ஒரு முகம் இல்லை.

"எந்திரிச்சுக் கத்து."

"நானா? ஆபீஸ்காரங்க யாராவது பாத்தா என்ன நெனப்பாங்க?"

"கலத்தியான்னு கத்துடா."

பிறகு, பஸ்ஸில் கண்டக்டரிடம் நிறுத்தச் சொல்கிற மாதிரி, "கலத்தியா," என்று அவன் சொன்னது கேட்டது. சுற்றிச் சிரிப்பு. யாரோ ஒருவர் இந்தியில், "பாய் சாப், அகேலே ஹோ க்யா?" என்று கேட்டார். ஆமாம், தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று ஸ்ரீநிவாஸ் பதில் சொன்னான். அந்த ஆள் ட்ரம் அடிப்பவனிடம் ஏதோ சொன்னார். அடுத்த முறை ஸ்ரீநிவாஸ் கத்தியபோது அவனுக்காகவும் ட்ரம்மில் இரண்டு தட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு அவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. "அந்த நாலாம் நம்பர் பையன் நல்லா ஆடுறான்க்கா, ஒருத்தனையும் விடமாட்டேங்கிறான்," என்றான். அவன்தான் யோகராஜ், என் டிக்கெட்டில் போனவன் என்றாள். ஸ்ரீநிவாஸ் அதைக் காதில் வாங்கினானா என்று தெரியவில்லை. "போடு, போடு, இடது பக்கம் ஆளே இல்ல," என்றான். அது அவளிடம் சொன்னதில்லை. பெரிய இரைச்சல் எழுந்தது. யார் போட்டது, யார் போட்டது என்று அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். மழைச் சத்தமும் ஸ்ரீநிவாஸின் மூச்சுமாகக் கொஞ்ச நேரம் போனது. "சமம்க்கா, சமம்," என்று கடைசியில் சொன்னான். எப்படிப் போட்டார்கள் என்று கேட்டதற்கு, "இரு அக்கா, பாக்க விடு," என்றான்.

பாக்க விடு. அவளிடமே சொல்கிறான்.

அதற்கு மேல் அவன் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. போனைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. பெனால்ட்டி என்று யாரோ சொன்னதை வைத்துத்தான் ஆட்டம் சமனில் முடிந்து பெனால்ட்டிக்குப் போனதையே தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு உதைக்கும் ஒரு இரைச்சல்; அது சந்தோஷமா துக்கமா என்று ஸ்ரீநிவாஸின் தொண்டையை வைத்துக் கணிக்க வேண்டியிருந்தது. சொல்லித் தொலைடா என்று மாடியில் தனியாக நின்று கெஞ்சினாள். கீழே அழகேசன் வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். திடீரென்று தம்பியின் குரல் தெளிவாக, மிகப் பக்கத்தில் வந்தது.

"யோகராஜ் வர்றான்க்கா."

ட்ரம் நின்றது. பிறகு ஸ்டேடியம் முழுவதும் ஒரே சத்தமாக எழ, லைன் அறுந்தது.

அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டும் போகவில்லை. இருட்டிய பிறகு குரூப்பில் அஸ்லம் போட்ட செய்திதான் முதலில் வந்தது: 'பேட் லக் கலத்தியா. நம்மால முடிஞ்ச வரை சப்போர்ட் பண்ணினோம்.' அதற்குக் கீழே கைதட்டுகிற பொம்மைகள். அவள் ஒரு பதிலை எழுதி, அழித்து, மறுபடி எழுதி அழித்தாள். பிறகு ஸ்ரீநிவாஸ் கூப்பிட்டான். குரல் போய்விட்டிருந்தது.

"நம்ம டீமு அநியாயமாத் தோத்துருச்சுக்கா. அந்த செகண்ட் ஹாஃப் ஆட்டம் இருக்கே, நீ பாத்திருந்தீன்னா..."

நம்ம டீம். ஒரே சாயங்காலத்தில் அவனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. நனைந்த சட்டை, கட்டிப்போன தொண்டை, பக்கத்தில் அணைத்துத் தேற்ற ஒரு நிகோபார்க்காரர். பதினைந்து வருஷம் வேலியைப் பிடித்து நின்றதற்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு காது வலி. தலை வலிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். அவனுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. உறைத்தும் அவள் திரும்பக் கூப்பிடவில்லை.

கப்பல் திரும்பி வந்த அன்று ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு ஜெட்டிக்குப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. யாரையாவது நாலு வார்த்தை கேட்டால்தான் நெஞ்சு ஆறும் என்று மட்டும் இருந்தது. ஜெயித்திருந்தால் பாண்டு வாத்தியம் வைத்துக் கூட்டிப்போக ஆள் வந்திருக்கும். வெங்காய மூட்டை எடுக்க வந்தவர்களும் சொந்தக்காரர்களை அழைத்துப்போக வந்தவர்களும்தான் நின்றார்கள். முதலில் கமிட்டிக்காரர்கள் இறங்கினார்கள். வாஷிங் மெஷினை நாலு பேர் பிடித்திருந்தார்கள். ஜெர்சி இன்னும் புத்தம் புதிதாக மஞ்சளடித்தது. அஸ்லம் அவளைப் பார்த்ததும் ஒரு கையை விட்டு அசைத்தான்.

"நீங்க வந்திருக்கணும்க்கா. நேர்ல பாக்கிற ஃபீலே வேற."

மெஷினுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

டீம் ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நூர்முகம்மது கையை விரித்துக் காட்டிவிட்டு மூட்டைகளை எண்ணப் போனார். யோகராஜ் கடைசியாக வந்தான். இடது முழங்காலில் துணிக்கட்டு. அவளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"உங்க டிக்கெட்டுல போயிட்டு..."

"டிக்கெட்டப் பத்திப் பேசாத. டாஸ் யாரு ஜெயிச்சா?"

அவன் விழித்தான்.

"முதல்ல இருந்து சொல்லு. எனக்கு யாரும் எதுவும் சொல்லல. ஒண்ணையும் விடாதே."

அவன் பையை இறக்கி வைத்தான். முதலில் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். கடல் பக்கத்துப் பாதியில் தண்ணீர் தேங்கி நின்றதைச் சொன்னான். முதல் கோல் தன் தப்பில்லை என்றான். அவள் எங்கே நின்றாய் என்று கேட்டாள், சிமெண்ட் தரையில் அவன் நின்ற இடத்தைக் காட்டினான், அப்படியென்றால் உன் தப்புதான் என்றாள். அவன் மறுத்தான். இரண்டு பேரும் வெயிலில் நின்று அதற்காகக் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். சமன் செய்த கோல் எப்படி விழுந்தது என்பதை அவள் இரண்டு முறை சொல்லச் சொன்னாள். இறங்கியவர்களெல்லாம் போய்விட்டார்கள். விஜய் நகர் ஜீப் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

"மேல யாரோ ஒருத்தர் கத்திக்கிட்டே இருந்தாருக்கா. கண்ணாடி போட்டவரு. யாருன்னு தெரியல," என்றான்.

"ம்."

"பெனால்ட்டிக்கு நிக்கும்போதுகூட அவரு சத்தம்தான் கேட்டுச்சு."

"சரி. எப்படி அடிச்ச?"

அவன் பின்னால் நகர்ந்தான். கட்டுப் போட்ட காலை ஊன்றி, கப்பலைப் பார்த்து நின்று, கொஞ்சம் ஓடி வந்து, வலது காலை வீசினான். ரப்பர் செருப்பு காலைவிட்டுக் கழன்று உயரப் போய், ஜெட்டி விளிம்பைத் தாண்டி மறைந்தது.

"பந்து இப்படித்தான் போச்சா?"

"இதே மாதிரிதான்."

இருவரும் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள். கப்பலுக்கும் ஜெட்டிச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குப் பச்சைத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நீலச் செருப்பு அதில் மல்லாந்து கிடந்து, சுவரில் ஒரு முறை, இரும்பில் ஒரு முறை என்று மோதி மோதி, கப்பலின் பின்பக்கமாக மெல்லப் போய்க்கொண்டிருந்தது.