ஆட்டையாம்பட்டிக் கால்வலி

1936ஆம் வருடம் ஆனி மாதம் ஆட்டையாம்பட்டித் தறிகாரர் அருணகிரியின் கால் பஸ் சக்கரத்தில் சிக்கி முறிந்தபோது, வலி அவருக்கு வராமல், பன்னிரண்டு மைல் தள்ளிச் சேலத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த பஸ் முதலாளி மருதாசலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று காலை அருணகிரியும் மனைவி பெரியநாயகியும் வழக்கம்போல் ரோட்டோரம் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். தறிகாரர்களுக்கு ரோடு என்பது நூல் காயப்போடுகிற இடம். அதில் வண்டியும் போகலாம், அவ்வளவுதான். பஸ் தடம் மாறி வந்தபோது வேறு யாராயிருந்தாலும் எகிறிக் குதித்திருப்பார்கள். அருணகிரி பாவு நூலை மட்டும் அப்பால் தள்ளினார். ஓர் இழைகூட அறவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்புதான் இரண்டாயிற்று.

கட்டுப்போட வந்த வைத்தியர், கத்தாத ஆளைத் தம் தொழிலில் பார்த்ததில்லை என்பதால் கொஞ்சம் மனக்குறையோடுதான் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூன்று மாதம் தறி மிதிக்கக் கூடாது, மிதித்தால் கால் உருப்படாது என்றார். மிதிக்காவிட்டால் தறி ஓடாது, தறி ஓடாவிட்டால் உலை கொதிக்காது. வலியும் இல்லாததால் அருணகிரி ஐந்தாம் நாளே தறிக்குழியில் இறங்கிவிட்டார். அவர் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் சேலத்தில் மருதாசலம் அலறினார். டாக்டர்கள் அவர் காலைத் தட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். வலி மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிற்கிறது, அமாவாசையன்று வருவதேயில்லை என்பதை முதலில் கவனித்தவர் அவருடைய கணக்குப்பிள்ளை. அமாவாசைக்கு விடுமுறை விடுகிற தொழில் எது என்று சேலத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை: நெசவு. அவருடைய பஸ் முறித்ததும் ஒரு தறிகாரரின் காலைத்தான்.

கணவரின் கால் நாளுக்கு நாள் வில்லாக வளைவதைப் பார்த்துப் பெரியநாயகிதான் நஷ்டஈட்டு வழக்குப் போட வைத்தார். மூன்று மாதம் மிதிக்காமல் உயிரோடிருக்க ஒரு வழி, கேட்டது அவ்வளவுதான். மருதாசலம் அதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகும் என்று அவருடைய வக்கீல் தடுத்தார். வலியைப் பற்றிக் கோர்ட்டில் மூச்சு விடக் கூடாது என்றும் சொல்லிவைத்தார்.

விசாரணையன்று வக்கீல், வாதி கூண்டில் நின்று காலை மூன்று தரம் ஓங்கி மிதித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டார். அருணகிரி மிதித்துக் காட்டினார். மருதாசலம் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். கண்ணீர் மட்டும் அடங்கவில்லை.

"பொய் வழக்கு என் கட்சிக்காரரை எவ்வளவு நோகடித்திருக்கிறது பாருங்கள்" என்றார் வக்கீல்.

நீதிபதி அருணகிரியைப் பார்த்து, "வலிக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க எசமான்."

வழக்குத் தள்ளுபடியாயிற்று.

"ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா வாயா வெந்து போயிரும்?" என்று கோர்ட்டு வாசலில் பெரியநாயகி அழுதார்.

"இல்லாத வலிய இருக்குதுன்னு எப்படிப் புள்ள சொல்றது?"

ஆட்டையாம்பட்டிக்குப் போகிற பஸ் மருதாசலத்தினுடையது. வழக்குப் போட்டவனை ஏற்றக் கூடாது என்பது முதலாளி உத்தரவு. ஆகவே இருவரும் நடந்தார்கள். முதல் மைலில் மருதாசலம் வெற்றி விருந்தின் பந்தியிலிருந்து எழுந்தார். இரண்டாவது மைலில் தரையில் விழுந்தார். மூன்றாவது மைலில், வக்கீல் எவ்வளவோ தடுத்தும், தன்னைத் தூக்கிப் பஸ்ஸில் போடச் சொன்னார். நான்காவது மைல்கல்லுக்கருகே பஸ் அவர்களை மறித்து நின்றது.

"ஏறுங்க சாமி" என்று மருதாசலம் உள்ளே படுத்தபடியே கும்பிட்டார்.

"டிக்கெட்டுக்குக் காசில்லீங்க."

"நீங்க உக்காந்தாப் போதுமுங்க."

மூன்று மாதம் அரிசியும் பருப்பும் பஸ்ஸிலேயே ஆட்டையாம்பட்டி வீட்டுக்கு வந்திறங்கின. எலும்பு கொஞ்சம் கோணலாகவேனும் கூடியது. வலி மட்டும் ஊர் திரும்பவில்லை. குளிர் காலத்தில் அருணகிரி வெளியே போகும்போதெல்லாம் சேலத்திலிருந்து ஆள் வந்து, கம்பளி சுற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

மருதாசலம் 1945இல் காலமானார். காரியம் முடிந்த மறுநாளே அவருடைய இரண்டு மகன்களும் ஒரே மாதிரி நொண்ட ஆரம்பித்தார்கள். பாகப்பிரிவினையில் வீடும் நிலமும் ஒரே மாலையில் பிரிந்தன. வலிதான் எட்டு மாதம் இழுத்தது. கடைசியில், ஆட்டையாம்பட்டி ரூட் யாருக்கோ அருணகிரியின் கால்வலியும் அவருக்கே என்று பத்திரம் எழுதினார்கள். நல்ல வசூல் உள்ள ரூட் என்பதால் மூத்தவர் ஒப்புக்கொண்டார். சார்பதிவாளர் பத்திரத்தை வரிவரியாகப் படித்து, "எந்தக் கால் என்று போடவில்லையே" என்று மட்டும் கேட்டார். "இடதுங்க" என்றார் மூத்தவர். அதையும் சேர்த்து எழுதி முத்திரை குத்தினார்கள். சாட்சியாக வரவழைக்கப்பட்டிருந்த அருணகிரி கையெழுத்துப் போட்டுவிட்டு, மூத்தவரின் முகத்தைப் பார்த்தபடியே, இடது காலை மெதுவாக, மிக மெதுவாக ஊன்றி எழுந்தார்.