அய்யாவு வீட்டுக் கீரைச் சமையல்

சாஆ பட்டணத்தில் செம்பனைக் குலைகள் ஏற்றும் லோரியை முப்பது வருடமாக ஓட்டி வந்தவர் அய்யாவு. போன ஜனவரியில் லைசென்ஸைப் புதுப்பிக்க மருத்துவப் பரிசோதனைக்குப் போனார். ரத்த அழுத்தம் நூற்று எழுபத்தெட்டு. மருத்துவர் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை.

"மொதல்ல இதக் கொறைச்சிட்டு வாங்க. அப்புறம் லோரி ஓட்டலாம்."

வீட்டுக்கு வந்தவர் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மனைவி மலர்தான் மறுநாள் அவரை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் தாதி சாருமதி மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள்.

"உப்பக் கொறைங்க அங்கிள். கருவாடு, ஊறுகா, கிச்சாப் எதுவும் வேணாம். காய்கறி, பழம் நெறம் நெறமா சாப்பிடுங்க. பீட்ரூட், தக்காளி, கீரை, கொய்யா. அதுல ஆன்டிஆக்சிடன்ட் இருக்கு, ரத்தக் குழாய்க்கு நல்லது. ஆனா மாத்திரைக்குப் பதிலா இல்ல. மாத்திரையோட."

"ஆன்ட்டி ஆக்சிடென்ட்டா?" என்றார் அய்யாவு. "லோரி ஓட்டுறவனுக்கு வேண்டியதுதான் லா."

சாருமதி சிரித்துவிட்டாள். மலர் சிரிக்கவில்லை. அவள் மனதில் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது.

தமிழ்ப்பள்ளிக் கேண்டீனில் சமைப்பவள் அவள். மதியம் வீடு திரும்பியதும் அவருக்கென்று தனியாக அடுப்பை மூட்டினாள். பீட்ரூட் பொரியல், பூண்டு தட்டிப்போட்ட முருங்கைக்கீரை, வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த வல்லாரையில் துவையல். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கி வைத்தாள்.

"நான் என்ன மாடா? தழையா போடுற" என்று முதல் வாரம் அய்யாவு முணுமுணுத்தார். ஒருநாள் கடைக்குப் போய் மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தார். சட்டையில் கறுப்பாகக் கிச்சாப் சாஸ் கறை. மலர் அதைப் பார்த்தாள், திட்டவில்லை.

"உங்கப்பா தோட்டத்துல காலைல பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற வழியிலயே விழுந்தாரு, எந்திரிக்கவே இல்ல. அப்ப அவருக்கு வயசு அம்பத்தாறு. உங்களுக்கு இப்ப அம்பத்தஞ்சு" என்றாள்.

அதற்குப் பிறகு அவர் கடைப்பக்கம் போகவில்லை. மாத்திரையையும் தவறவிடவில்லை.

ஏப்ரலில் கிளினிக்குக்குப் போனபோது நூற்று முப்பத்தாறு. சாருமதிக்கே மகிழ்ச்சி தாங்கவில்லை. அதே உற்சாகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலரைப் பார்த்தாள்.

"ஆண்ட்டி, நீங்களும் கைய நீட்டுங்க. சும்மாதானே இருக்கீங்க."

"எனக்கு எதுக்கு மிஸ்ஸி?" என்றபடியே மலர் கையை நீட்டினாள். கருவி இறுகித் தளர்ந்தது. சாருமதி ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை அளந்தாள்.

"நூத்தி எண்பத்திரெண்டு. தலவலி வருதா ஆண்ட்டி?"

"வரும். கேண்டீன் சூடுன்னு நெனச்சேன்."

அய்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் சாப்பிடுறதத்தானே அவளும் சாப்பிடுறா?" என்றார். சொல்லும்போதே சந்தேகம் வந்து மலரைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"கருவாடு ரெண்டு டப்பா, ஊறுகா, அப்பளம் எல்லாம் வீட்ல கெடந்துச்சி. உங்களுக்கு ஆகாது. கொட்ட மனசு வரல. நான்தான் சாப்பிட்டேன். தீந்ததும் பழக்கத்துல திரும்ப வாங்கிட்டேன்."

"கீரை?"

"அது உங்களுக்கு ஆக்குனதுங்க."

மூன்று மாதமாக அவர் சாப்பிட்டு எழுந்து தொலைக்காட்சி முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார். அவள் அடுப்படியில் நின்றபடி என்ன சாப்பிட்டாள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அய்யாவு நேராக அடுப்படிக்குப் போய்க் கருவாட்டு டப்பாவை எடுத்தார்.

"குப்பையில போடாதீங்க. பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்குக் குடுங்க" என்றாள் மலர்.

"ஏன், அவங்க ஒடம்புல ரத்தம் ஓடலையா?"

கருவாடு குப்பைக்குப் போனது. அன்று அவரே பீட்ரூட் நறுக்கினார். கை, சட்டை, சுவர், குளிர்பெட்டிக் கதவு எல்லாம் சிவந்தன.

"அலமாக்! யாராச்சும் வந்தா போலீசுக்குப் போன் பண்ணிடுவாங்க" என்று மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொரியல் பாதி வெந்தும் வேகாமலும் இருந்தது. இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கிளினிக்கில் மலருக்கும் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதை விழுங்கத்தான் அவள் அடம்பிடித்தாள். "உங்களுக்குக் கீரையிலயே கொறஞ்சிடுச்சே. எனக்கும் அதுவே போதும்."

"மிஸ்ஸி சொன்னது மறந்துடுச்சா? மாத்திரையோட. நான் முழுங்கலையா? நீயும் முழுங்கு" என்று தண்ணீர்க் குவளையை அவள் முன்னால் வைத்து, விழுங்கும்வரை அங்கேயே நின்றார்.

மே மாதம் லைசென்ஸ் கிடைத்து அவர் வேலைக்குத் திரும்பினார். மாலையில் வரும் வழியில் லோரியை ஓரங்கட்டிக் கீரையோ பப்பாளியோ வாங்கிவருவார். மலர் தனக்கும் ஒரு தட்டு எடுத்துவைக்கும்வரை சோற்றில் கை வைக்கமாட்டார்.

ஆகஸ்டில் மலரின் அழுத்தம் நூற்று நாற்பத்தாறு. "நல்லா எறங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் கொறையணும் ஆண்ட்டி. விட்டுடாதீங்க" என்றாள் சாருமதி.

"விடமாட்டா. நான் இருக்கேன்" என்ற அய்யாவு, மனைவியின் கையைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பினார். கல்யாணமான இருபத்தொன்பது வருடத்தில் நாலு பேர் இருக்கும் இடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. யாராவது பார்க்கிறார்களா என்று மலர் வெட்கத்தோடு சுற்றிலும் பார்த்தாள். கையை மட்டும் விலக்கிக்கொள்ளவில்லை.