பச்சை பூத்த சோறு

மனைவி ஷாமளாவின் கருமாதிக்கு முதல் நாள் வசந்தனின் வீட்டைக் கழுவியது லோகேஸ்வரி அத்தைதான். இழவு விழுந்த வீட்டில் பழைய சோறு, அரைத்த மாவு எதுவும் தங்கக் கூடாது என்பதில் அவள் கறார். ஐஸ்பெட்டியைக் காலி செய்துவிட்டு, அடுப்படிக்குப் பின்னாலிருந்த சின்ன அறையைத் திறந்தாள். அலமாரி நிறையப் பிளாஸ்டிக் பைகள். பைகளுக்குள் சோறு. சோற்றின்மேல் கரும்பச்சையாகப் பூஞ்சணம்.

"வசந்தா! என்னடா இது? கெட்டுப்போன சோத்தையா கட்டிக் காப்பாத்துறீங்க?"

"ஷாமளா வளர்த்தது."

"எதுலேருந்து?"

"தோட்டத்து மண்ணுலேருந்து."

அத்தையின் முகம் வெளிறியது. டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். இந்தப் பக்கத்து ஈர மண்ணில் இருக்கிற ஒரு கிருமி. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் ஒரு கீறல் போதும். ஷாமளாவுக்கு இருபது வயதிலிருந்தே சர்க்கரை. காய்ச்சல் வந்த ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது.

"அப்போ இந்தக் கூமான் கிருமியெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கா? குளோராக்ஸ் ஊத்திக் கழுவிட்டு, இதையெல்லாம் கொளுத்திடவா, ஐயா?"

அந்தக் கிருமி வேறு, இது வேறு என்று வசந்தன் சொல்லியிருக்க வேண்டும். அவனும் பட்டம் படித்தவன்தான். ஆனால் சரியென்று தலையை ஆட்டினான்.

பின்கட்டில் தகரப் பீப்பாயிலிருந்து மதியம்வரை புகை வந்தது.

பாடாங் மேஹாவில் அவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தது இரண்டு ஏக்கர். பன்னிரண்டு வரிசை பெராங்கான் வாழை. வசந்தன் கூலிமில் தொழிற்சாலை வேலைக்குப் போனான். ஷாமளா ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். வாழை இருவருக்கும் பொது என்று பெயர், ஆனால் அது அவளுடையது. இரண்டாம் வருடம் பள்ளத்துப் பக்கமிருந்து வாடல் நோய் ஏறியது. அடியிலைகள் ஓரத்தில் மஞ்சளாகி, முறிந்து, தண்டைச் சுற்றித் தொங்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பழுப்பு வளையம். நான்கு வரிசை போயிற்று. அந்த நான்குக்கும் நடுவே ஒரே ஒரு கட்டை மட்டும் பச்சையாக நின்றது.

எல்லாரும் செத்த மரங்களைப் பார்த்தார்கள். அவள் சாகாத மரத்தின் காலடியில் உட்கார்ந்தாள். அந்த வேர்மண்ணிலிருந்து டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையை ஆய்வுக்கூடத் தட்டுகளில் பிரித்தெடுத்து, அரைவேக்காட்டுச் சோற்றில் பெருக்கினாள். கோழி எருவோடு கலந்து ஐந்தாம் வரிசையிலிருந்து வேரோரம் புதைத்தாள். கடையில் வாங்கிய பூஞ்சைப் பொட்டலம் இந்த மண்ணில் நிலைக்கவில்லை. இது இந்த மண்ணிலேயே பிறந்தது, நோய்க்கு முன்னால் வேரைப் பிடித்துக்கொள்ளும் என்றாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் போட வேண்டும். ஒன்றரை வருடம் நோய் நான்காம் வரிசையைத் தாண்டவில்லை.

இப்போது ஐந்தும் ஆறும் போய்விட்டன.

"தங்கச்சிய நான் எவ்ளோ கிண்டல் பண்ணிருக்கேன்," என்றார் பக்கத்துத் தோட்டத்து வடிவேலு. "எறும்புக்கெல்லாம் அன்னதானமான்னு கேப்பேன்லா. உங்க தோட்டத்துக்கும் நாளைக்கு இதே சோறுதான்ணே, சிரிக்காதீங்கன்னு சொல்லும். தம்பி, அந்தச் சோறு இன்னும் இருக்கா?"

"இல்லண்ணே."

"ஒரு பை கூடவா?"

வசந்தன் கல்லூரிக்கும் போய்ப் பார்த்தான். அவள் இடத்துக்கு வந்த பெண் நல்ல சுபாவம். பழைய தட்டுகளையெல்லாம் கழுவி அடுக்கி வைத்திருந்தாள்.

மிஞ்சியது அந்த ஒற்றைக் கட்டை. கையுறை போட்டுக்கொண்டு அதன் வேர்மண்ணை ஒரு கரண்டி எடுத்துவந்து, நீரில் கரைத்து, வேகவைத்த அரிசியில் தெளித்தான். முதல் பை இளஞ்சிவப்பாயிற்று. இரண்டாவது கறுத்து நாறியது. அவள் செய்யும்போது அவன் வாசலில் நின்று போனில் கால்பந்து பார்த்திருக்கிறான்.

"அதை ஏன்டா போயிப் போயி மோந்து பாக்குறே?" என்றாள் அத்தை. சமைத்துப் போட அவள் அங்கேயே தங்கிவிட்டிருந்தாள்.

"நல்லதா இருந்தா தேங்கா வாசனை வரும். ஷாமளா சொல்வா."

"நான் கொளுத்துனது அதையா?"

அவன் மூக்கிலிருந்து பையை எடுக்கவில்லை. அன்று அத்தையும் சாப்பிடவில்லை.

மூன்றாவது பை ஏழாம் நாள் பச்சை பூத்தது. வசந்தன் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்த் திறந்தான். ஈரத்துணி வாடை. ஒருவேளை என்று மறுபடி மோந்தான். ஈரத்துணிதான். பழைய ரொட்டியில்கூடப் பச்சைதான் பூக்கும்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தோட்டத்திலிருந்து வந்த எதையும் இரண்டு மாதமாக அவள் தொட்டதில்லை.

"குடு இப்டி."

பைக்குள் முகத்தை வைத்துக் கண்ணை மூடி இழுத்தாள்.

"வருதுடா."

"என்ன வருது?"

"தேங்கா வாசம். இப்பத்தான் துருவுன மாதிரி. உனக்கு மூக்கடைச்சிருக்கு, அதான் தெரியல."

அவனுடைய முகத்தை அவள் பார்க்கவில்லை. அவன் தலையை ஆட்டினான்.

ஷாமளாவுக்கென்று அவன் வாங்கிய ரப்பர் பூட்ஸ் விலைச்சீட்டோடு கதவோரம் கிடந்தது. காலில் புழுங்குகிறது என்று அவள் போட்டதே இல்லை. அத்தை அதை மாட்டிக்கொண்டு அவனோடு தோட்டத்துக்கு வந்தாள். ஏழாம் வரிசையின் முதல் மரத்தில் அடியிலை ஓரம் மஞ்சள் கட்டியிருந்தது. அவன் அதைக் காட்டவில்லை. எட்டாம் வரிசையில் வேரோரம் குழி பறித்துக் கொடுத்தான். அத்தை சோற்றைப் பிடி பிடியாக வைத்து, மண்ணைத் தள்ளி மூடினாள்.

"போதுமாடா? இன்னும் வைக்கவா?"

"வைங்க அத்தை," என்றான்.